தண்ணிப் பக்கம், வயப் பக்கம்

எங்கள் வீட்டில் யார் வாசல் தாண்டினாலும் என் வாயிலிருந்து தானாக வருவது ஒரே சொல்தான். "ஓரமாப் போ." மகள் பள்ளிக்கூடம் கிளம்பினால் "ஓரமாப் போடி." வீட்டுக்காரர் நடக்கக் கிளம்பினால் "ஓரமாப் போங்க." கூரியர் கொடுக்க வந்தவரிடம்கூட ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். எனக்குப் பயம். அதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

எதற்கு இவ்வளவு பயம் என்று கேட்பவர்கள் எங்கள் ஊர் மெயின் ரோட்டில் பத்து நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். அரியலூரிலிருந்து திருமானூர் போகும் வழியில் எங்கள் ஊர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். ரோட்டோரப் புளியமரமெல்லாம் வெளுத்துப்போய் நிற்கும். ஒரு லாரி கடந்தால் நம் முந்தானை நம்மிடம் இருக்காது. அந்த ரோட்டுக்குத் தார் உண்டு, பள்ளம் உண்டு, ஓரம் கிடையாது. தார் முடிகிற இடத்தில் முள்செடி ஆரம்பித்துவிடும். வளைவில் ஒருமுறை ஒரு சைக்கிள் அப்பளமாக நசுங்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஓட்டிவந்தவர் எப்படியோ எகிறிக் குதித்துத் தப்பித்து, பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். 

ஆகையால் நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் ரோட்டை லாரிக்குத் தாரை வார்த்துவிட்டு ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் தெருக்கோடியில் கரை ஏறினால் டவுனை ஒட்டி இருக்கிற பள்ளிக்கூடத்துப் பின்வாசல்வரை போய்விடலாம். போகும்போது வலது கைப் பக்கம் ஏரி. தண்ணீர்வரை கல் பதித்த சரிவு. இடது கைப் பக்கம் வயல். அந்தச் சரிவு முழுக்க வேலிக்காத்தான் முள். நடுவில் நாலு பேர் நெருங்கி நடக்கிற அளவுக்கு ஒரு மண்பாதை. மதகுக்குப் பக்கத்தில் அதுவும் குறுகிவிடும்.

காலையில் அந்தப் பாதை சந்தைபோல இருக்கும். சுகர் இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னவர்கள் எல்லாம் அங்கேதான் நடப்பார்கள். நூறுநாள் வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டமாகப் போவார்கள். பால்காரர்கள் ரெண்டு பக்கமும் கேன் மாட்டிய சைக்கிளில் வருவார்கள். பிளஸ் ஒன் சேர்ந்ததும் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பிள்ளைகள் பறப்பார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. நீலநிறச் சைக்கிள். வந்த அன்றைக்கே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டினேன். பெல்லை நானே நாலு தடவை அடித்துப் பார்த்தேன். நல்ல சத்தம். திருப்தியாக இருந்தது.

வீட்டுக்காரருக்கும் சுகர். அவரும் அதே கரையில்தான் நடப்பார். ஒரு வீட்டில் ஒருத்தர் நடக்கிற கட்சி, ஒருத்தர் சைக்கிள் கட்சி. நான் பிளவுஸ் தைத்துக்கொண்டே ரெண்டு கட்சியின் பிராதையும் கேட்க வேண்டும்.

"நடக்குறவங்க எல்லாம் கல்யாண ஊர்வலம் மாதிரி வழிய அடைச்சிக்கிட்டுப் போறாங்கம்மா. பெல் அடிச்சா ஒருத்தர் இப்புடிக் குதிக்கிறாரு, ஒருத்தர் அப்புடிக் குதிக்கிறாரு. நடுவுல நான் எங்க போறது?" என்பாள் இவள்.

"பின்னாடி கிட்டக்க வந்து கிணிகிணின்னு அடிச்சா மனுசன் பதறாம என்ன பண்ணுவான்? ஈரக்கொலயே நடுங்குது," என்பார் அவர்.

"நீ ஓரமாப் போ. நீங்களும் ஓரமாப் போங்க," என்று ரெண்டு பேருக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டு நான் மெஷினை மிதிப்பேன்.

வீட்டுக்காரரின் காதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்குச் சின்ன வயதிலேயே இடது காதில் சீழ் வடிந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷம் கல் உடைக்கிற கிரஷரில் வேலை பார்த்தார். மிச்சம் இருந்ததையும் அந்தச் சத்தம் முடித்து வைத்தது. இப்போது டவுனில் ஓர் உரக்கடையில் இருக்கிறார். இடது காது சுத்தமாகக் கேட்காது. இது எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரியவும் விட மாட்டார். கேட்காவிட்டால் சிரித்து வைப்பார், இல்லாவிட்டால் ஆமாமா என்பார். ஒரு கல்யாண வீட்டில் "சாப்டாச்சா?" என்று கேட்டவரிடம் "அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். சாப்பிட உட்கார்ந்தால் நானும் மகளும் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவோம். யாரும் சொல்லி வைத்ததில்லை, அப்படியே பழகிவிட்டது.

அவரிடம் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வாசலைப் பார்ப்பார். வாசலிலிருந்து கூப்பிட்டால் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்ப்பார். மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு "அப்பா!" என்பாள். அவர் பீரோவுக்குப் பின்னால் போய்த் தேடுவார். மறுபடி "அப்பா!" என்பாள். அவர் கதவைத் திறந்து தெருவில் தேடுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அவரும் சிரிப்பார். பிள்ளைக்காக வேண்டுமென்றே தப்பாகத் தேடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அவர் ஆறு மணிக்குப் போய் ஏழு மணிக்குள் வந்துவிடுவார். இவள் எட்டே காலுக்குக் கிளம்புவாள். அதுவரைக்கும் பிரச்சினை இல்லை. கார்த்திகை மாதம் பள்ளிக்கூடத்தில் காலை ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்தார்கள். இவள் ஏழுக்கே கிளம்ப வேண்டியதாயிற்று. மழைக்காலம் என்பதால் அவரும் விடிந்து வெளிச்சம் வந்தபிறகுதான் போனார். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கரையில். 

அந்த மாதம் முழுக்க ஏழு மணிக்கு நான் மொட்டை மாடியில்தான் நிற்பேன். துணி காயப்போடுகிற சாக்கு. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கிருந்து ஆள் முகம் தெரியாது. வெள்ளையாக ஒரு புள்ளி மெதுவாகப் போகும், அது அவர் சட்டை. நீலமாக ஒரு புள்ளி வேகமாகப் போகும், அது இவள் சுடிதார். நீலம் வெள்ளையைத் தாண்டிப் போகிறவரைக்கும் மூச்சு விட மாட்டேன். தாண்டிய பிறகுதான் துணியை உதறுவேன். ஏரி அப்போது நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. இவளுக்கு நீச்சல் தெரியாது. அதனால் கூடுதலாக ஒன்று சொல்லி அனுப்புவேன்: "தண்ணிப் பக்கம் போகாத. வயப் பக்கமா ஓரமாப் போ."

அன்றைக்கும் அதையேதான் சொன்னேன். முந்தின நாள் பெய்த மழையில் கரை சொதசொதவென்று கிடந்ததால் அன்றைக்கு நடக்க வந்தவர்களே இல்லை. இவளுக்கு வேறு நேரமாகிவிட்டது. அரைப்பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள். நான் மாடிக்கு ஓடினேன்.

வெள்ளைப் புள்ளி மதகை நெருங்கிக்கொண்டிருந்தது. பாதையின் நடுவில் நடந்தார். நீலப் புள்ளி வேகமாக, நான் சொன்னபடி வயப் பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. அவள் பெல் அடித்திருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை. வெள்ளைப் புள்ளி சட்டென்று இடது பக்கமாக, வயப் பக்கமாகத் துள்ளியது. நேராக அவள் வருகிற வழிக்குள். நீலம் வலது பக்கம் ஒடிந்தது. அதன்பிறகு கரையில் நீலம் இல்லை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. கீழ்வீட்டு அக்கா பிறகு சொன்னார், "தண்ணி, தண்ணி" என்று கத்தினேனாம், குடிக்கத் தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்தாராம்.

அடுத்து நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன். விழுந்து கிடந்த வெள்ளைப் புள்ளி எழுந்தது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. ஒரு கணம் நின்றது. பிறகு ஏரிக்குப் போகாமல் வயப் பக்கச் சரிவில் இறங்கியது. என் பிள்ளை ஏரியில். அவளைப் பெற்றவர் வயலில் இறங்கி முள்ளுக்குள் தேடிக்கொண்டிருக்கிறார். "ஐயோ, அந்தப் பக்கம் இல்லங்க!" என்று நான் மாடியில் நின்று கதறினேன். அவ்வளவு தூரத்துக்கு எவர் காதிலும் விழாது, அவர் காதில் எங்கே விழும்.

மதகின் மேல் ஆடு மேய்க்கிற ஓர் அக்கா நின்றிருந்தார். கையிலிருந்த தொரட்டியை ஏரியைப் பார்த்து நீட்டி நீட்டி ஆட்டியது தெரிந்தது. வெள்ளைப் புள்ளி சரிவிலிருந்து மேலே ஏறியது, பாதையைக் குறுக்கே தாண்டியது, மறைந்தது. கரையில் இப்போது என் ஆட்கள் ரெண்டு பேருமே இல்லை. நான் படியில் இறங்கினேனா உருண்டேனா தெரியவில்லை.

செருப்பில்லாமல் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ரெண்டு பேரும் கல் சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முழங்கையிலும் நெற்றியிலும் முள் கிழித்து ரத்தம். இவள் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். புத்தகப்பை தண்ணீரில் மிதந்தது. உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த அடுத்த நொடியே எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பிறவிக்குணம் அது.

"ஓரமாத்தானே போகச் சொன்னேன் ரெண்டு பேரையும்!" என்று கத்தினேன்.

"ஓரமாத்தான் போனேன்," என்றாள் அவள்.

"ஓரமாத்தான் போனேன்," என்றார் அவரும்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ரெண்டும் உண்மை. அவள் வந்ததும் அவர் ஒதுங்கியதும் ஒரே ஓரம். அங்கே நின்றபடியே எனக்கு அழுகை பீறிட்டது.

மணிக்கட்டில் எலும்பு விரிசல், மாவுக்கட்டு போட்டார்கள். பொங்கல்வரைக்கும் சைக்கிள் கிடையாது. ஒருநாள் காலை தலை பின்னிவிடும்போது, முகத்தை எனக்குக் காட்டாமல் முன்பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் அஞ்சு தடவ அப்பான்னு கூப்ட்டேம்மா. கல்லு வழுக்குது, காலு எட்டல. அப்பா தலை கரைக்கு மேல தெரிஞ்சிச்சு. அப்பறம் அந்தப் பக்கமா எறங்கிடுச்சு. என்னைய வுட்டுட்டுப் போறாருன்னு நெனச்சிட்டேன்."

நான் பின்னலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பாகிட்ட சொல்லிடாதம்மா," என்றாள்.

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

ஊர் சும்மா இருக்குமா? பார்த்தவர் ஒருத்தர், பேசியவர் நூறு பேர். பெற்ற பிள்ளை தண்ணீரில் தத்தளிக்க, தகப்பன் பயந்துபோய் வயல் பக்கம் ஒதுங்கிக்கொண்டான் என்று கதை கட்டிவிட்டார்கள். அவருக்கு அரசல் புரசலாகத் தெரிந்திருந்தது. நடக்கப் போவதை நிறுத்திவிட்டார். "பாப்பா கை சரியானதும் கரையில அவ சைக்கிள் ஓட்டட்டும். நான் இனிமே அங்க வரல," என்றார். மகளோ, "அப்பா நடக்கட்டும், நான் மெயின் ரோட்டுல போயிக்கிறேன்," என்றாள். ஒருத்தருக்குச் சுகர் ஏறும், இன்னொருத்தி டிப்பருக்கு நடுவில் போவாள். என்ன ஒரு தியாகம்! ரெண்டு பேரையும் வாயில் வந்தபடி திட்டினேன். ஆனால் என்னிடமும் வேறு வழி இருக்கவில்லை. ரெண்டு பேரும் பயமில்லாமல் அந்த ஒரே கரையில் போய்வர வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒருநாள் பால்காரர் வாசலில் பால் ஊற்றிக்கொண்டே, "ஏக்கா, அண்ணன் புள்ளைய தண்ணில வுட்டுட்டு வயக்காட்டுப் பக்கம் போயிட்டாராமே, நெசமா?" என்றார். வீட்டுக்காரர் உள்ளே சட்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, பால் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டேன்.

"அவருக்கு எடது காது செத்துப் போச்சு, தெரியுமா? பொட்டு சத்தம் கேக்காது! ஒத்தக் காத வெச்சிக்கிட்டு எந்தப் பக்கம்னு எப்புடி கண்டுபுடிப்பாரு? தெரியாட்டி வாய மூடிக்கிட்டு இருங்க எல்லாரும்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. ஒற்றைக் காது. எந்தப் பக்கம் என்று தெரியாது. கட்டில், பீரோ, கதவு. இத்தனை வருஷம் நாங்கள் சிரித்த சிரிப்பு. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் அவர் மறைத்து வைத்திருந்ததையும் நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டேன். அவர் வெளியே வந்தார், என்னைப் பார்க்கவில்லை, பஸ்ஸுக்குப் போய்விட்டார். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவராகவே, "பெரம்பலூர்ல ஒரு காது டாக்டர் இருக்காராம். போயிட்டு வரலாமா?" என்றார். பஸ் பிடித்துப் போனோம். காதில் ஏதோ மாட்டிப் பரிசோதித்தார்கள். டாக்டர் பொறுமையானவர். வீட்டுக்காரரின் வலது காதுப் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு பேசினார்.

"ரெண்டு காதும் இருந்தாத்தான் சத்தம் எங்கேருந்து வருதுன்னு மூளைக்குத் தெரியும். உங்களுக்கு எல்லாச் சத்தமும் வலது பக்கம் இருந்து வர்ற மாதிரிதான் இருக்கும். பின்னாடி பெல் அடிச்சா வலது பக்கம் வண்டி வருதுன்னு நெனச்சு எடது பக்கம் ஒதுங்குவீங்க."

"அன்னைக்கு திரும்பி நின்னேன் சார்," என்றார் இவர். "வந்த பக்கம் திரும்பிப் பாத்தேன். அப்ப பாப்பா கூப்ட்டா."

"அப்ப வலது காது வயல் பக்கம் இருந்திருக்கும். வயல்லேருந்து கூப்புடற மாதிரி கேட்டிருக்கும்."

இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். டாக்டர் பேசி முடித்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், நான் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கேட்டேன். "அப்பறம் எப்புடி ஏரிப் பக்கம் வந்தீங்க?"

"ஆட்டுக்கார அக்கா கத்துச்சு. அது எங்க நின்னு கத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா 'தண்ணிப் பக்கம்யா, தண்ணிப் பக்கம்'னு கத்துச்சு. அந்த வார்த்த புரிஞ்சிச்சு. திரும்பி ஓடினேன்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பெல் அடித்தால் வண்டி வருகிறது என்று மட்டும்தான் தெரியும். எந்தப் பக்கம் என்று சொல்லாது. நான் சொன்ன ஓரமும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் ஓரம்தானே. அந்த அக்கா ஒருத்தர்தான் பக்கத்தைச் சொன்னார்.

மறுநாள் காலை கரை ஏறுகிற இடத்தில், டீக்கடை வாசலில், வீட்டுக்காரர் போய் நின்றார். நான் கூடப் போகவில்லை, தெருமுனையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலம் மறைத்த மனுஷன், வருகிற ஒவ்வொரு சைக்கிளையும் கை காட்டி நிறுத்தினார்.

"எனக்கு எடது காது கேக்காது தம்பி. பெல் அடிச்சா எனக்குப் பக்கம் தெரியாது. தண்ணிப் பக்கம் வரியா, வயப் பக்கம் வரியான்னு வாயால சொல்லிட்டு வா. நான் நின்னுடுறேன்." பால்காரரிடமும் அதையே சொன்னார். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, "தெரியாமப் பேசிட்டேண்ணே," என்றார். இவருக்கு அது கேட்டதோ என்னவோ, சிரித்து வைத்தார்.

தை பிறந்து மகளுக்குக் கட்டுப் பிரித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கரைக்குப் போனோம். ஏரியில் தண்ணீர் அப்போதும் குறையவில்லை. அவர் முதுகைக் காட்டி நடந்தார். இவள் பின்னால் சைக்கிளில். நான் நடுவில், எதற்கும் இருக்கட்டும் என்று தண்ணிப் பக்கம் நின்றுகொண்டேன். எனக்கும் நீச்சல் தெரியாது, அது வேறு விஷயம்.

முதலில் வேண்டுமென்றே பெல் அடிக்கச் சொன்னார். அடித்தாள். இடது பக்கம் துள்ளினார். மறுபடி அடிக்கச் சொன்னார். மறுபடி இடது பக்கம். அவருக்கே தெரிந்திருந்தும் உடம்பு கேட்கவில்லை.  பிறகு இவள் பெல்லை விட்டுவிட்டுத் தூரத்திலிருந்தே, "அப்பா, வயப் பக்கம் வரேன்!" என்றாள். அவர் தோள் தூக்கிப்போட்டது. ஆனால் கால் நின்றது. ஒரே இடத்தில் நின்றார். முதுகுக்குப் பின்னால் சைக்கிள் வருகிறது என்று தெரிந்தும், திரும்பாமல், ஒதுங்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கைவிரல்கள் வேட்டியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தன. இவள் வேகத்தைக் குறைத்து, ஒரு காலைத் தரையில் தேய்த்தபடி மெதுவாக வயப் பக்கமாகக் கடந்து போனாள். அதன்பிறகு இருபது தடவையாவது செய்திருப்போம். வெயில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர் முதலில் கிளம்பினார். கால் மணி நேரம் கழித்து இவள் சைக்கிளை எடுத்தாள். "ஓர..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பக்கத்தச் சொல்லிட்டுப் போடி. சத்தமாச் சொல்லு. மொத நாளு, மெதுவாப் போ."

"தெரியும்மா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

மாடிக்கு ஏறினேன். துணியெல்லாம் எடுத்துப் போகவில்லை, சாக்குக்கு இனி அவசியமில்லை. மதகுக்கு இந்தப் பக்கம் வெள்ளைப் புள்ளி. நீலப் புள்ளி அதை நோக்கிப் போனது.  இப்போதே கீழே இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன், ஓடி என்ன செய்ய. இடைவெளி குறைந்தது. இன்னும் குறைந்தது. வெள்ளைப் புள்ளி நின்றது. அப்படியே, நட்டுவைத்ததுபோல நின்றது. நீலம் அதை உரசுவதுபோல நெருங்கி, கடந்து, மதகைத் தாண்டிப் போய்விட்டது. அதன்பிறகும் வெள்ளைப் புள்ளி நகரவில்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டு, பிறகுதான் நடந்தது.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார். சர்க்கரை போடாத டீயைக் கொடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார். நான் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு தண்ணிக்குள்ளேருந்து பாப்பா என்னைய எத்தன தடவ கூப்ட்டா?" என்று கேட்டார்.

"ஒரு தடவதான். அதுக்குள்ளதான் நீங்க வந்துட்டீங்களே," என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அஞ்சு தடவ கேட்டுச்சு புள்ள," என்றார். "எங்கேருந்துன்னுதான் தெரியல."